மணி பிளான்ட் தொட்டியில் மஞ்சள் காளான்

கேள்வி:

தாம்பரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், மூன்றாவது மாடியில் இருக்கிறோம். பால்கனியிலும் கூடத்திலுமாக நிறையத் தொட்டிச் செடிகள் வைத்திருக்கிறேன். மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், அரேகா பாம், டைஃபன்பேக்கியா எல்லாம் உண்டு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதிலிருந்து, கூடத்து ஜன்னலோரம் இருக்கும் மணி பிளான்ட் தொட்டியில் எலுமிச்சம்பழ நிறத்தில் குட்டிக் காளான்கள் கொத்தாக முளைக்கின்றன. காலையில் பிடுங்கிப் போட்டால் நாலைந்து நாளில் மறுபடியும் தலைநீட்டுகின்றன. மஞ்சள்தூள் கரைத்து ஊற்றிப் பார்த்தேன். நர்சரியில் கேட்டு கார்பென்டாசிம் பொடி வாங்கிக் கரைத்து ஊற்றினேன். ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டு, அடுத்த வாரம் முன்னைவிட அதிகமாக வந்துவிட்டது. மண்ணைக் கிளறினால் உள்ளே கேழ்வரகு அளவில் மஞ்சள் உருண்டைகள் வேறு கிடக்கின்றன. பூச்சி முட்டையோ என்று பயமாக இருக்கிறது. படங்கள் இணைத்திருக்கிறேன்.

கீழ்வீட்டு அக்கா, "எங்க தொட்டியிலயும் இதேதான் வந்துச்சு. ஒரே மாசத்துல செடி அழுகிப்போச்சு. மண்ணோட தூக்கிப் போட்டுடு" என்கிறார். என் மாமியாரோ, "இடி இடிச்சா காளான் முளைக்கத்தான் செய்யும். ஊர்ல பறிச்சுச் சமைக்காததா? கொண்டா, கழுவி ஆக்கிப் பார்ப்போம்" என்கிறார். எனக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. கண்ணில் படுவதையெல்லாம் வாயில் வைக்கிறாள். செடியைக் காப்பாற்றுவதா, மண்ணைக் கொட்டுவதா, குழந்தைக்கு ஏதும் ஆகுமா? விளக்கமாகச் சொல்லுங்கள்.

வாசகி, தாம்பரம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

செடியைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் குழந்தை.

அந்தக் காளானை உங்கள் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. நீங்கள் அனுப்பிய படங்களில் தெரிவது தொட்டிச் செடிகளில் உலகம் முழுக்க முளைக்கும் மஞ்சள் குடைக்காளான். அறிவியல் பெயர் லியூக்கோகோப்ரைனஸ் பிர்ன்பாமி. இது வயிற்றைக் கெடுக்கும் நச்சுக்காளான். தின்றால் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். தொட்டால் ஒன்றும் ஆகாது. விரலில் ஒட்டும் மஞ்சள் பொடியைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டால் போதும். பெரியவர்களுக்கு ஒரு நாள் அவதியோடு போகிற வயிற்றுப்போக்குகூட மூன்று வயதுக் குழந்தையின் உடம்பிலிருந்து நீரை வேகமாக வற்றவைத்துவிடும். அதனால் இன்றைக்கே அந்தத் தொட்டியைக் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். மழைக்காலம் முடியும்வரை காலையில் ஒருமுறை எட்டிப் பார்த்து, குடை விரியும் முன்பே மொட்டுகளைத் திருகி எடுத்து, தாளில் பொதிந்து குப்பையில் போட்டுவிடுங்கள்.

எப்படியோ வாயில் போட்டுவிட்டாள் என்று வையுங்கள். வாயில் மிச்சம் இருப்பதை விரலால் வழித்தெடுத்து, தண்ணீரால் கொப்பளிக்கச் செய்யுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தோ, தொண்டைக்குள் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொட்டியில் மீதமிருக்கும் காளானில் ஒன்றை அடிக்கட்டை முழுதாக வரும்படி தோண்டி, தாளில் சுற்றி (பிளாஸ்டிக் பையில் போட்டால் புழுங்கிக் கூழாகிவிடும்) கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள். குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கிறாள் என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. காளான் விஷத்தில் சீக்கிரம் வாந்தி வருவதைவிட, ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாமலிருந்து பிறகு தொடங்குவதுதான் மோசம். கல்லீரலைத் தாக்கும் அமாடாக்சின் என்னும் நஞ்சு அப்படித்தான் வேலை செய்யும். மஞ்சள் காளானில் அந்த நஞ்சு இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த லெபியோட்டா என்னும் சிறிய, பழுப்புச் செதில் போட்ட குடைக்காளான்களில் சிலவற்றுக்கு உண்டு. பிள்ளை எதைத் தின்றாள் என்று வீட்டில் நாமாக முடிவு செய்வது சரியில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் காளான் வருவதற்கு முன்பிருந்தே குழந்தைக்கு ஆகாத செடிகளும் இருக்கின்றன. மணி பிளான்ட் இலையிலும் டைஃபன்பேக்கியா தண்டிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் நாக்கும் உதடும் எரிந்து வீங்கும். டைஃபன்பேக்கியாவில் எரிச்சல் இன்னும் கடுமை. காளானுக்கு இவ்வளவு பயந்த நீங்கள் அந்த டைஃபன்பேக்கியா தொட்டியையும் குழந்தை வளரும்வரை உயரத்தில் ஏற்றி வைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அடுத்தது உங்கள் மாமியார் சொன்னது. அவரைக் குறைத்துப் பேச மாட்டேன். ஊரில் மழைக்குப் பிறகு பறித்துச் சமைத்த காளானை அவருக்கு நிச்சயம் அடையாளம் தெரியும். பெரும்பாலும் அது புற்றுக்காளானாக இருக்கும். கரையான்கள் தங்கள் புற்றுக்குள்ளேயே வளர்க்கும் டெர்மிட்டோமைசிஸ் என்னும் வகை அது. தண்டின் அடி வேர்போல நீண்டு மண்ணுக்குள் புற்றுவரை இறங்கியிருக்கும். எந்த வரப்பில், எந்தப் புற்றில், எந்த மழைக்குப் பிறகு வரும் என்பதோடு சேர்த்துத்தான் அந்த அறிவு தலைமுறையாக வந்திருக்கிறது. இடம் மாறினால் அது உதவாது. தொட்டியிலும் பூங்காப் புல்வெளியிலும் முளைப்பவை வேறு ஆட்கள்.

உங்கள் குடியிருப்பின் கீழே புல்தரை இருந்தால் மழைக்குப் பிறகு வெள்ளைவெளேரென்று கையகலக் குடைகள் நிற்பதைப் பார்த்திருக்கலாம். பார்க்கச் சமையலுக்கு ஏற்றதுபோலத்தான் இருக்கும். குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ் என்னும் அந்தக் காளானைத் தின்றால் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தியும் பேதியும் பிடித்துக்கொள்ளும். முற்றும்போது அதன் அடி மடிப்புகள் பச்சை பூக்கும். அதை வைத்து அடையாளம் காணலாம். இளசாக இருக்கையில் மடிப்புகள் வெள்ளையாகவே இருப்பதால் ஏமாந்துபோகிறவர்கள் அதிகம். வெள்ளிக் கரண்டி கறுக்கவில்லை, பூச்சி அரித்திருக்கிறது, பூண்டு போட்டு வேகவைத்தால் நிறம் மாறவில்லை என்று ஊரில் சொல்லும் சோதனைகள் ஒன்றுகூட விஷத்தைக் காட்டிக்கொடுக்காது. அமாடாக்சின் வேகவைத்தாலும் போகாது. 2022 ஏப்ரலில் மேல் அசாமில் காட்டுக்காளான் சமைத்துச் சாப்பிட்டுப் பத்துப் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள். காளானோடு பழகிய மக்கள்தான் அவர்களும். காளான் சாப்பிட ஆசையென்றால் கடையில் சிப்பிக்காளானோ பால்காளானோ வாங்கிக்கொள்ளுங்கள்.

இடிக்கும் காளானுக்கும் உள்ள தொடர்பை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். ஜப்பானில் இவாத்தே பல்கலைக்கழகத்தினர், ஷீட்டாகே வளரும் மரக்கட்டைகளுக்கு மின்னல் போன்ற உயர் மின்னழுத்தத் துடிப்பைக் கொடுத்துப் பார்த்ததில் விளைச்சல் கூடியது. உங்கள் கூடத்தில் இடி இறங்கவில்லை, ஈரம்தான் இறங்கியிருக்கிறது. ஆனாலும் கிராமத்துச் சொல் ஒன்றை ஆய்வுக்கூடம் எடுத்துப் பார்த்திருக்கிறது என்பதை மாமியாரிடம் சொல்லுங்கள், மகிழ்வார்.

இப்போது தொட்டிக்கு வருவோம். காளானை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? நாளைக் காலையில் ஒரு லென்ஸ் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். மண்ணைப் பிளந்துகொண்டு வரும்போது தீக்குச்சி உயரம், முட்டை வடிவத் தலை, தலை முழுக்க மாவு தூவியதுபோல மஞ்சள் செதில்கள். மதியத்துக்குள் தண்டு நீண்டுவிடும். தலை மணியாகி, பிறகு குடையாக விரியும். ஓரத்தில் பாவாடைச் சுருக்கம்போல மெல்லிய கோடுகள் ஓடும். அடியில் இளமஞ்சள் மடிப்புகள். தண்டின் நடுவில் ஒரு சின்ன வளையம். மொட்டில் மடிப்புகளை மூடியிருந்த தோல் கிழிந்து அங்கே தங்கியதுதான் அது. அதிகம் போனால் ஓரிரு நாள், அவ்வளவுதான் ஆயுள். நிறம் வெளிறி, தலை சாய்ந்து, தண்டு துவண்டு மண்ணில் படுத்துவிடும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஸ்போர்களைக் கணக்கில்லாமல் காற்றில் விட்டிருக்கும். அந்த மஞ்சளுக்குக் காரணமான நிறமிகளை ஜெர்மானிய வேதியியலாளர்கள் 2005-இல் பிரித்தெடுத்து, காளானின் பெயராலேயே பிர்ன்பாமின் என்று பெயர் வைத்தார்கள்.

பிர்ன்பாம் யார் என்று கேட்பீர்கள். ஒரு தோட்ட மேற்பார்வையாளர். பிராக் நகரத்தில், அன்னாசி வளர்த்த கண்ணாடி வீடு ஒன்றில் இந்தக் காளானை அவர் கண்டெடுத்தார். 1839-இல் கோர்டா என்னும் பூஞ்சையியலாளர் அதை விவரித்தபோது கண்டெடுத்தவரின் பெயரைச் சூட்டினார். அதற்கும் முன்பு, 1788-இல், இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் பகுதியில் ஜேம்ஸ் போல்டன் இதைப் படம் வரைந்து விவரித்திருக்கிறார். அவருக்குக் கிடைத்ததும் அன்னாசிச் சூட்டறையில்தான். அந்தக் காலத்துச் சீமான்கள் குளிர்நாட்டில் அன்னாசி விளைவிக்க, தோல் பதனிடும் தொட்டிகளில் பயன்பட்ட ஓக் மரப்பட்டைத் தூளைக் குழிகளில் நிரப்பி, அது புளித்து வெளிவிடும் சூட்டில் தொட்டிகளைப் புதைத்து வைப்பார்கள். மட்கும் பட்டை, வெதுவெதுப்பு, புழுக்கம் எல்லாம் அமைந்த இடத்தில், வெப்பநாட்டுச் செடிகளோடு கூடவே போன பூஞ்சை குடித்தனம் நடத்தியது. ஐரோப்பாவில் அதற்கு வீட்டுக்குள்தான் வாழ்வு. நம் ஊரில் வெளியிலேயே, தோட்டத்து மட்கிலும் உதிர்ந்த இலைகளிலும் வளரும். அதாவது உங்கள் கூடத்துக்கு வந்திருப்பது நம் தட்பவெப்பத்துக்குச் சொந்தக்காரன்.

எப்படி வந்தது? நர்சரி மண்ணோடு, அல்லது தொழுவுரத்தோடு, அல்லது தென்னை நார்க்கழிவோடு. நீங்கள் தொட்டி வாங்கிய நாளிலிருந்தே உள்ளே இருந்திருக்கும். மேலே தெரியும் குடை அந்தப் பூஞ்சையின் காய்ப்பு மட்டும். உடம்பு மண்ணுக்குள் இருக்கிறது. நூலைவிட மெல்லிய வெள்ளை இழைகள் கோகோபீட்டிலும் மட்கிலும் ஊடுருவி, அவற்றைச் செரித்துத் தின்றுகொண்டிருக்கின்றன. உயிருள்ள வேருக்குள் இந்தப் பூஞ்சை நுழையாது. செத்த பொருள்தான் அதற்குச் சாப்பாடு. தின்று முடிக்கும்போது அதில் பூட்டிக்கிடந்த சத்துகள் மண்ணுக்குத் திரும்புகின்றன, உங்கள் மணி பிளான்ட் அதை எடுத்துக்கொள்கிறது.

கோகோபீட் என்று நாம் கட்டிகட்டியாக வாங்கும் தென்னை நார்க்கழிவு, பொள்ளாச்சிப் பக்கத்துக் கயிறு ஆலைகளில் ஒரு காலத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் குவிந்து கிடந்த பொருள். லிக்னின் மிகுந்திருப்பதால் எளிதில் மட்காது. அதை உரமாக்க வழி கண்டுபிடித்தபோது நம்மவர்கள் நாடியது காளானைத்தான். ஒரு டன் நார்க்கழிவை அடுக்கடுக்காகப் பரப்பி, ஓர் அடுக்குக்குச் சிப்பிக்காளான் வித்து, அடுத்த அடுக்குக்கு யூரியா என்று மாற்றி மாற்றித் தூவுவார்கள். டன்னுக்கு 5 கிலோ யூரியா. ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் நார்க்கழிவு கறுத்து மட்கும். கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112:1-இலிருந்து 24:1 அளவுக்கு இறங்கும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் கயிறு வாரியமும் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கும் முறை இது. அங்கே காசு கொடுத்துக் காளான் வித்து வாங்கிச் செய்யும் வேலையை உங்கள் தொட்டியில் மஞ்சள் காளான் சும்மா செய்துகொண்டிருக்கிறது.

மாடித்தோட்டக்காரர்கள் பலரைப் பார்க்கிறேன். டிரைக்கோடெர்மா விரிடி பொடி வாங்கித் தொழுவுரத்தில் கலக்கிறார்கள், வேம் என்னும் வேர்ப்பூஞ்சை உரம் வாங்கி நடவுக் குழியில் இடுகிறார்கள். இரண்டும் பூஞ்சைதான். டிரைக்கோடெர்மா நோய்ப் பூஞ்சைகளைச் சுற்றிப் பின்னிக் கொல்லும். வேம் மண்ணிலிருந்து மணிச்சத்தை இழுத்து வேருக்குக் கொடுக்கும். உயிருள்ள மண் வேண்டுமென்று செலவு செய்கிற அதே கை, அந்த உயிர் குடை விரித்து வெளியே வந்தால் பூஞ்சைக்கொல்லி டப்பாவைத் தேடுகிறது. எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. கார்பென்டாசிம் ஊற்றியபோது உங்கள் தொட்டியில் எவையெல்லாம் செத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டிரைக்கோடெர்மா அந்த மருந்துக்கு எளிதில் மடியும். குடைக்காளானோ வாரக்கணக்கில் பதுங்கியிருந்து மறுபடி வரும். சிப்பிக்காளான் வளர்ப்பவர்கள் வைக்கோலை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் தெரியுமா? வேகவைக்க வசதி இல்லாதபோது 100 லிட்டர் தண்ணீரில் 7.5 கிராம் கார்பென்டாசிமும் கொஞ்சம் ஃபார்மலினும் கலந்து இரவு முழுக்க ஊறவைப்பார்கள். போட்டிக்கு வரும் பச்சைப் பூஞ்சைகள் அடங்கிவிடும், சிப்பிக்காளான் செழித்து வளரும். காளான் படுக்கைக்கு முன்னேற்பாடாகப் பயன்படுகிற மருந்தை, காளானை ஒழிக்கும் என்று நம்பி ஊற்றியிருக்கிறீர்கள். தவழ்ந்தும் தடவியும் விளையாடும் குழந்தை இருக்கும் கூடத்தில் அது வேண்டவே வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பயிர்களுக்கு அதைத் தெளிக்க அனுமதி இல்லை. மிச்சமிருக்கும் பொடியைக் குழந்தைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். மஞ்சள்தூளைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதனாலும் இங்கே பயனில்லை.

கீழ்வீட்டு அக்காவின் செடி அழுகியது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அதைச் செய்தது காளான் இல்லை, தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காற்றில் ஈரம் மண்டிக் கிடக்கிறது. வெயிலில்லை, செடி நீரை இழுப்பதும் குறைவு, மண் காய்வதும் மெதுவாகத்தான். நாமோ சித்திரையில் ஊற்றிய அதே செம்பால் அதே அளவு ஊற்றிக்கொண்டிருக்கிறோம். தொட்டிக்குள் காற்றுக்கு இடமில்லாமல் போகும்போது வேர் மூச்சுத்திணறிச் சாகிறது. அந்த நேரம் பார்த்து பித்தியம், ஃபைட்டோப்தோரா போன்ற நீர்ப்பூஞ்சைகள் வேரைத் தாக்கி அழுகவைக்கின்றன. அவை குடை விரிக்காது, கண்ணில் படாது. அதே ஈரத்தில் காளானும் முளைத்து நிற்பதால் பழி அதன்மேல் விழுகிறது. உங்கள் செடிக்கு வேரழுகல் வந்திருக்கிறதா என்று பார்க்கக் காளானைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அடி இலைகள் வரிசையாக மஞ்சளாகின்றனவா, தண்டின் அடிப்பாகத்தை அழுத்தினால் கொழகொழவென்று இருக்கிறதா, மண்ணை முகர்ந்தால் சாக்கடை வாடை வருகிறதா என்று பாருங்கள். படத்தில் உங்கள் மணி பிளான்ட் இலைகள் பளபளவென்று இருக்கின்றன, புதுத் தளிர் விட்டிருக்கிறது. நல்ல மண்ணின் வாசனை வந்தால் செடி நலமாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம்.

மண்ணில் கண்ட மஞ்சள் உருண்டைகள் இந்தக் காளானின் இழைகளே திரண்டு கட்டியானவை. ஒன்றை எடுத்து நகத்தால் நசுக்குங்கள். மாவாக உதிர்ந்தால் அதுதான். பூச்சி முட்டையானால் ஈரம் கசியும். ஆனால் ஒரு வேறுபாட்டை மட்டும் கவனமாகப் பார்க்கச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே தவறினால் செடி போய்விடும். செடியின் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் பஞ்சு விரித்ததுபோல வெள்ளை இழைகள் படர்ந்து, அதன்மேல் அசல் கடுகு போலவே வழுவழுப்பான பழுப்பு மணிகள் இருந்தால், அது வேறு ஆள். ஸ்கிளிரோஷியம் ரால்ஃப்சி. 1892-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தக்காளியில் இதைக் கண்டு சொன்ன ரால்ஃப்ஸ் என்பவரின் பெயர். நம் நிலக்கடலை விவசாயிகளுக்குத் தண்டழுகலாக நன்றாகத் தெரிந்த எதிரி. நூற்றுக்கணக்கான செடியினங்களைத் தாக்கும். அது உயிருள்ள தண்டைத்தான் தின்கிறது, அந்தப் பழுப்பு மணிகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அந்தத் தொட்டியின் மண்ணை மட்டும் தயங்காமல் கட்டி அப்புறப்படுத்துங்கள், வேறு தொட்டியில் கலக்காதீர்கள். மணி பிளான்ட் என்றால் மேலே நலமாக இருக்கும் தண்டைக் கணுவோடு வெட்டித் தண்ணீரில் போட்டால் வேர் விட்டுவிடும்.

அதேபோல, ஊரில் தென்னை மரத்தடியில் மரத்தோடு ஒட்டித் தட்டுத்தட்டாகக் கெட்டியான காளான் முளைத்தால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. 1952-இல் தஞ்சாவூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டு, தஞ்சாவூர் வாடல் என்றே பெயர் பெற்ற கானோடெர்மா நோயின் அடையாளம் அது. காளான் செத்த மட்கில் முளைக்கிறதா, உயிருள்ள மரத்திலிருந்து முளைக்கிறதா என்று பார்த்தாலே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

சரி, உங்கள் தொட்டிக்கு என்ன செய்வது? மழைக்காலத்தில் நாள் கணக்கு வைத்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டாவது கணுவரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். விரல் நுனியில் ஈரம் தட்டினால் அன்றைக்கு வேண்டாம். தொட்டியைத் தூக்கிப் பார்த்துப் பழகினால் இன்னும் நல்லது, காய்ந்த கனமும் நனைந்த கனமும் கைக்குத் தெரிந்துவிடும். அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை அரை மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். மேல்மண் ஓரிரு அங்குலத்தை முள்கரண்டியால் லேசாகக் கிளறிவிடுங்கள், காற்றோட்டமான இடத்துக்கு நகர்த்துங்கள். மேல்மண் காய்ந்தாலே காய்ப்பு குறையும். விரும்பினால் அந்த மேல்மண்ணை எடுத்துவிட்டுப் புது மண் போடலாம். அப்போதும் அடியில் இழை இருக்கும், ஆகவே முற்றிலும் ஒழிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள் சக்கை இவற்றை வீட்டுக்குள் இருக்கும் தொட்டியில் ஊற்றும் பழக்கம் இருந்தால் மழைக்காலத்தில் நிறுத்திவையுங்கள். மாடியில் வெயிலில் நிற்கும் செடிக்கு அது பரவாயில்லை. கூடத்தில் அந்த மாவுச்சத்தும் ஈரமும் மேல்மண்ணில் தங்கி, கொசுவைப்போலப் பறக்கும் கருப்புக் குட்டி ஈக்களைக் கூட்டிவரும். அவற்றின் புழுக்கள் பூஞ்சையிழையையும் மட்கையும் தின்பவை, பெருகிவிட்டால் இளம் வேரையும் கடிக்கும். மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றைத் தொட்டிக்குள் குத்திவைத்தால் பறப்பவை மாட்டிக்கொள்ளும், மண் காய்ந்தால் புழுக்கள் ஒழியும்.

இந்தப் பூஞ்சையால் செடிக்கு ஒரு தொல்லை வரக்கூடும், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். மழை முடிந்து வெயில் ஏறியபின் தொட்டி நன்றாகக் காய்ந்துபோனால், அடர்ந்த இழைகள் மண்ணைப் பாய்போலப் பின்னித் தண்ணீரை உள்ளே விடாது. ஊற்றுகிற தண்ணீர் தொட்டியின் ஓரமாக வழிந்து அடித்தட்டுக்கு வந்துவிடும், வேர் காய்ந்தே கிடக்கும். அப்படித் தெரிந்தால் மூங்கில் குச்சியால் நாலைந்து இடத்தில் ஆழமாகக் குத்திவிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் தொட்டியை அரை மணி நேரம் பாதியளவு மூழ்கவைத்து எடுங்கள்.

வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் குடை விரியவிடாமல் மொட்டிலேயே எடுப்பது இன்னும் அவசியம். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் இருந்தால், காளான் வந்தாலும் வராவிட்டாலும் மண் தொட்டிகளை அவர்கள் படுக்கும் அறையில் வைக்கக் கூடாது. ஈர மண்ணில் கண்ணுக்குத் தெரியாமல் வாழும் ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் எதிர்ப்புச் சக்தி குறைந்த நுரையீரலுக்கு ஆகாதவை.

மண்ணைக் கொட்ட வேண்டாம். பங்குனியில் தொட்டி மாற்றும்போது இந்த மண்ணை எடுத்து, கருகருவென்று மட்கியிருப்பதைக் கையில் பிசைந்து பாருங்கள். கொஞ்சம் செம்மண்ணும் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் சேர்த்து, பால்கனியில் இருக்கும் அரேகா பாமுக்குப் போடுங்கள். அங்கேயும் அடுத்த ஐப்பசியில் மஞ்சள் மொட்டு எட்டிப்பார்க்கலாம். கீழ்வீட்டு அக்காவின் தொட்டியில் காளானின் நிறமோ வடிவமோ வேறாக இருந்ததா என்று கேட்டுச் சொல்லுங்கள். மறுபடி அங்கே முளைத்தால் தலையை மட்டும் கிள்ளி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான ஒரு தாளில் மடிப்பு கீழே படும்படி வைத்து, கிண்ணத்தால் மூடி ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளில் படிந்திருக்கும் தூள் வெள்ளையா, பச்சையா, கறுப்பா என்று படம் எடுத்து அனுப்பினால் அது யாரென்று சொல்ல எனக்குப் பெரிய உதவியாக இருக்கும்.